பதினோரு மணிக் கொக்கி

கலியபெருமாள் இறந்த செய்தி வந்தபோது நான் வடக்கு வீதியில் நடந்துகொண்டிருந்தேன். காலை ஐந்தே முக்கால் இருக்கும். கத்திரி தொடங்கி நான்காவது நாள். கடலூரிலிருந்து அவருடைய மகள் தமிழரசி கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாருங்க மாமா" என்றாள். போனைக் காதில் வைத்தபடியே மேலவீதி முனைவரை நடந்திருக்கிறேன். செய்தி கேட்ட இடத்தில் நின்றிருக்க வேண்டும். ஆனால், நடக்கும்போது சட்டென்று நிற்காதே, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் நில் என்று என்னைப் பழக்கியவர் அவர். கால் அந்தப் பழக்கத்தில் போய்விட்டது போல.

ஏழு மணிக்கு நம் வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் செய்தி போட்டேன். நம் கடைத்தெருவில் இத்தனை வருஷம் மூட்டை தூக்கிய கலியபெருமாள் காலமானார், பிற்பகல் மூன்று மணிக்குக் கடலூர் முதுநகரில் எடுக்கிறார்கள் என்று. உடனே கும்பிடும் கைகள் வரத் தொடங்கின. விரலால் தள்ளத் தள்ளக் கைகளாகவே வந்தன. நடுவில் ஒருவர் துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே மறுபடியும் கைகள். மூன்று மணிக்கு அவர் வீட்டு வாசலில் சிதம்பரத்து வியாபாரி என்று நின்றது நானும் பாத்திரக்கடைக்காரரும் மட்டும்தான். மற்றவர்களை மறுநாள் பார்த்தபோது எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: மூன்று மணி வெயிலில் எப்படி வருவது?

சங்கத்து இதழுக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். "நாலு நல்ல வார்த்தை போதுங்க, நீங்கதான் அவருக்கு ரொம்ப வேண்டியவரு" என்றார். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. நல்ல வார்த்தைகள் இருக்கின்றன, எல்லாம் அவருக்குச் சேர வேண்டியவை. நமக்கென்று எடுத்துவைக்க அதிகமாக ஒன்றும் இல்லை. செயலாளருக்குச் சரியென்று பட்டால் முழுசாகப் போடட்டும். வெட்டுவதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.

கலியபெருமாள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கடலூர் முதுநகரில் மூன்று சக்கர வண்டியில் வெங்காயத்தைப் போட்டுத் தெருத்தெருவாக நான் கூவி விற்ற காலத்தில் அவர் அங்கே மண்டியில் மூட்டை தூக்கினார். இரண்டு பேருக்கும் ஒரே குழாயடி, ஒரே டீக்கடை. மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்ள எங்களுக்கு உறவு ஒன்றும் தேவைப்படவில்லை. நான் சிதம்பரம் வந்து சின்னதாக அரிசிக்கடை போட்டேன். அது மொத்தக் கடையாக வளர்ந்தது. முதுநகரில் வேலை குறைந்ததும் அவரும் இங்கே வந்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் மற்ற ஆட்களோடு ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடலூர். என் கடையில் மூட்டை இறக்கிய முதல் நாளே வாடிக்கையாளர் முன்னால் என்னை மொதலாளி என்று கூப்பிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டேன். "கடையில மொதலாளி, டீக்கடையில மச்சான். ரெண்டும் ஒண்ணா கலந்துச்சின்னா ரெண்டும் கெட்டுப்பூடும்" என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பு பிடித்தது. கல்லாவில் உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நிமிர முடியாது. இடுப்புக்கு பெல்ட், முதுகுக்கு மெத்தை, மேசைமேல் மாத்திரை டப்பா என்று கடையையே ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். வெயில் காலம் வந்ததும் அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டு அசையாமல் ஃபேனுக்கு நேர் கீழே கிடந்தேன். கலியபெருமாள் இரண்டு நாள் என்னைப் பார்த்தார். மூன்றாம் நாள் டீக்கடையில் சொன்னார்: "மச்சான், நான் அம்பது கிலோ தூக்கறேன், எனக்கு இடுப்பு நல்லா கீது. நீ பேனா தூக்கற, ஒனக்குப் புடிக்குது. எந்த ஊரு நாயம் இது?"

மறுநாள் கடைக்கு வந்தால் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காணோம். கிடங்கின் கடைசி மூலையில் கொண்டுபோய் வைத்திருந்தார். போய் வர அறுபது எழுபது அடி. நான் கத்தினேன். வாடிக்கையாளர்கள் இருந்ததால் மொதலாளி என்றே மரியாதையாகப் பதில் சொன்னார்: "தாகம் எடுத்தா எழுந்து போங்க மொதலாளி. எடுக்கறதுக்கு முன்னாடியே போனீங்கன்னா இன்னும் நல்லது." முதல் வாரம் கோபத்திலேயே அடிக்கடி தாகம் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் அவரைத் திட்டிக்கொண்டே போய்க் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் பெல்ட் போட மறந்துவிட்டேன் என்பதே மத்தியானம்தான் தெரிந்தது. வெயில் காலத்தில் அசையவும் வேண்டும், தண்ணீரும் இறங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அவர் செய்த வைத்தியம் ஒரு பானையை நகர்த்தியதுதான்.

சாயங்காலங்களில் தவிட்டு ஒத்தடம் கொடுப்பார். ஆலையிலிருந்து வரும் அரிசித் தவிட்டை இரும்புச் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பார். பிறகுதான் என் இடுப்பில் வைப்பார். அரை மணி நேரத்துக்குக் குறையாது. நான் கடை நினைப்பில் எழப் பார்த்தால் தோளை அழுத்திப் படுக்கவைப்பார். "அவசரப்பட்டா தோலுதான் சுடும். சதைக்குள்ள எறங்க நேரம் குடுக்கணும்" என்பார். அவர் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவரும் இல்லை. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலோ தன்னிடம் வரக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

என் இடுப்பு நிமிர்ந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் ஒவ்வொருவராக வந்தீர்கள். ஜவுளிக்கடைக்காரருக்குக் கழுத்து, நகைக்கடைக்காரருக்குக் குதிகால், செயலாளருக்கு இரண்டு முழங்காலும். விடியற்காலை ஐந்து மணிக்கு நான்கு வீதியையும் சுற்ற ஆரம்பித்தோம். நாமெல்லாம் வெள்ளை ஷூ, அவர் மட்டும் கட்டம் போட்ட லுங்கி, வெறுங்கால். வேகமாக நடந்தவர்களைப் பின்னால் இழுத்தார், பின்தங்கியவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே முன்னால் கொண்டுவந்தார். கத்திரி வந்தால் சிலர் நடையையே நிறுத்திவிட்டு ஆனி மாதம் மூட்டுப் பிடிப்போடு திரும்பி வருவார்கள். சிலர் வீரம் காட்ட ஏழரை மணி வெயிலில் நடப்பார்கள். இரண்டு கட்சியையும் அவர் விடவில்லை. வெயிலில் தூரத்தைக் குறை, நேரத்தை முன்னால் தள்ளு, ஆனால் ஒரு நாளும் விடாதே என்பதுதான் அவர் கணக்கு. "வெயில் ஏறனப்பறம் நடக்கறது ஒடம்புக்கு இல்லீங்க, ஊருக்குக் காட்டறதுக்கு" என்று ஜவுளிக்கடைக்காரரை ஒரு நாள் மடக்கினார்.

நாம் குழுவுக்குப் பேர் வைத்து பனியன் அடித்தோம். அவருக்கும் ஒன்று கொடுத்தோம். அன்று பகல் அவர் அதைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து, அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்து நம்மில் பாதிப் பேருக்குக் கோபம். குழுவின் பேரை மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டாராம். விசாரித்தபோது, "துணி நல்ல துணிங்க. வேர்வய நல்லா இழுக்குது" என்றார். அதற்குமேல் கோபப்பட யாருக்கும் தெரியவில்லை.

இனி கொக்கிக்கு வருகிறேன். இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றிவிட்டேன்.

சாக்கு மூட்டை இருந்த காலத்தில் சுமை தூக்குகிறவர் ஒவ்வொருவரிடமும் ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். மூட்டையில் மாட்டி இழுப்பார்கள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பை, கொக்கி பட்டால் கிழிந்துவிடும். மற்றவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கலியபெருமாள் மட்டும் வைத்திருந்தார், ஒரே ஒரு வேலைக்காக. கத்திரி இருபத்தைந்து நாளும் விடியற்காலையிலேயே மூட்டை வேலை ஆரம்பித்துவிடும். நடைக்கு வந்தவர்களை ஐந்தரைக்கெல்லாம் ஒரு சுற்றில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் துண்டைக் கட்டுவார். பதினோரு மணி ஆனதும் கொக்கியைக் கொண்டுவந்து என் எடை மேடையின் நடுவில் வைப்பார். மூன்றரை மணிவரை எடை கிடையாது என்று அதற்கு அர்த்தம். எடை இல்லையென்றால் ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. அவரைப் பார்த்து நம் தெருவின் பதினெட்டுக் கடையிலும் ஆட்கள் அப்படியே செய்தார்கள். அவர்களிடம் கொக்கி இல்லை, துண்டை மடித்து வைத்தார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. முதலாளி அதைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். பல வருஷம் இப்படித்தான் நடந்தது.

அந்த நாலரை மணி நேரம் அவர்கள் தூங்குகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்தோம். நான் ஒரு நாள் கிடங்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஜன்னலில் நனைத்த சாக்கு தொங்கியது. மோர் ஊற்றிய கஞ்சியும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நொச்சி இலை போட்டுக் கொதித்த வெந்நீரில் துணியை நனைத்து ஒருவர் தோளுக்கு வைத்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள் மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை ஒரு மூட்டைமேல் தூக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "இன்னா மச்சான் பாக்கற? ரிப்பேர் வேல நடக்குது. சாயங்காலம் வண்டி ஓடணும்ல" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் கத்திரியில் ஒரு நாள். காட்டுமன்னார்கோயில் ஆலையிலிருந்து காலை ஒன்பதுக்கு வர வேண்டிய லாரி, வழியில் டயர் போய், பன்னிரண்டேகாலுக்கு வந்தது. கல்யாண மண்டபத்துக்குச் சமையல் எடுத்தவர் வேனோடு என் வாசலில் காத்திருந்தார். இப்போது இறக்கவில்லையென்றால் சரக்கோடு திரும்பிவிடுவேன் என்று லாரிக்காரர் கத்தினார். நான் கலியபெருமாளைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து வந்தார். மூன்றரைக்கு முதல் மூட்டை உங்களுடையதுதான் என்றார். சமையல்காரர் மணியைப் பார்த்தார். புது வாடிக்கை, பெரிய வாடிக்கை. நான் எடை மேடையில் இருந்த கொக்கியை எடுத்தேன். எடுத்துக் கீழே வைத்தேன். வைத்தேனா, போட்டேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரும்பு தரையில் பட்ட சத்தம் ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் போட்டிருக்கிறேன்.

அவர் கொக்கியைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டினார். சமையல்காரர் வேனுக்குப் போய்விட்டிருந்தார், கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். "சரிங்க மொதலாளி" என்றார்.

அவரோடு வேலை செய்த ஸ்டீபன் எழுந்து வரப் பார்த்தான். நீ படு என்று அவனைத் தள்ளிவிட்டு, பாதி லாரியைத் தனியாகவே இறக்கினார். பிறகுதான் அவனைச் சேர்த்துக்கொண்டார். வெறுங்காலால் தாரில் நிற்க முடியாமல் கிழிந்த சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டார். எனக்கு எல்லாம் தெரிந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "அவுரு கடையிலயே எடுத்துட்டாராம், நமக்கு என்னா?" என்று மறுநாள் இரண்டு கடையில் துண்டை எடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் பதினெட்டுக் கடையிலும் பதினோரு மணி போய்விட்டது. அடுத்த வருஷக் கத்திரிக்கு கொக்கியும் வைக்கவில்லை, யாரும் துண்டும் வைக்கவில்லை. உங்களில் யாரையும் நான் இங்கே முதலில் குறை சொல்லவில்லை. முதலில் எடுத்தவன் நான். பின்னால் வந்தவர்கள் நீங்கள்.

அவர் சண்டை போடவில்லை. காலை நடைக்கு வந்தார். ஆனி ஆடியில் ஈரக்காற்றில் எனக்கு இடுப்பு லேசாகப் பிடித்தபோது தவிடு வறுத்தார், மணிக்கட்டில் சூடு பார்த்தார், அரை மணி நேரம் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தார். ஒன்றுதான் மாறியிருந்தது. டீக்கடையிலும் என்னை மொதலாளி என்றே கூப்பிட்டார். பழக்க தோஷத்தில் வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது, தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். வியாபாரத்தில் இருபது பேரோடு அப்படி இருந்து பழகியவனுக்கு, இருபத்தோராவதாக அவரிடமும் அப்படி இருப்பது கஷ்டமாக இல்லை.

போன ஐப்பசியில் அவருக்குக் கால் வீங்கியது. நிற்கிற வேலைதானே, ஒத்தடம் வைத்தால் சரியாகிவிடும் என்று நான் அவருக்கே வைத்தியம் சொன்னேன். "இது தவிட்டுக்குக் கேக்காதுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். கடலூரில் பரிசோதித்ததில் சிறுநீரகம் இரண்டுமே பெரும்பாலும் போய்விட்டது என்று தெரிந்தது. வாரம் மூன்று நாள் ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தமிழரசி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு அவளே ஒவ்வொரு தடவையும் கூட்டிப்போனாள்.

நான் பார்க்கப் போன அன்று வாசலிலேயே அவள் என்னை நிறுத்தினாள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்து காட்டினாள். உள்ளே வெறும் மாத்திரை அட்டைகள், மடித்து மடித்து அடுக்கியிருந்தன. வலிக்குப் போடுகிற மாத்திரை. சிதம்பரத்து அறையைக் காலி செய்யும்போது கிடைத்ததாம்.

"தெனம் காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு போட்டுருக்காரு மாமா. ரெண்டு வருஷத்துக்கு மேல. டாக்டரு கேட்டப்ப, எங்கப்பா மாத்திரையே தொடமாட்டாரு, ஊருக்கே இயற்கை வைத்தியம் சொல்றவருன்னு நான் அடிச்சிப் பேசுனேன். அவரு பக்கத்துலயே ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு. ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

எனக்குத் தெரியாது. இதை மட்டும் மனசாரச் சொல்ல முடிந்தது. மாத்திரை ஒன்று மட்டுமே காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லையாம். கொளுத்தும் வெயிலில் வேலை செய்து, தண்ணீர் வற்றிப்போன உடம்பில், மாசக்கணக்கில் நிறுத்தாமல் போட்டதுதான் வினை என்றாராம்.

உள்ளே அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது, கால் மட்டும் பருத்திருந்தது. எங்களுக்கெல்லாம் தவிடும் நொச்சியும் சொல்லிவிட்டு நீங்கள் எதற்கு இதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ஏமாற்றிவிட்டார் என்ற மாதிரி எனக்குள் ஒரு கோபம் இருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"ஒத்தடத்துக்கு அரை மணி நேரம் வேணும் மொதலாளி. மாத்திரைக்கு அரை டம்ளர் தண்ணி போதும்."

அவர் சொல்வது எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். மாத்திரை இல்லாமல் பன்னிரண்டு மணி லாரிக்கு முதுகு வளையாது. வளையவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். படுக்க நேரம் இருந்தவரை ஒத்தடம், எண்ணெய் எல்லாம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. சரக்கு வராததற்குக் காரணம் சொல்கிற மாதிரி, ஒரு குறையும் குரலில் காட்டாமல் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"என்னுது முடிஞ்சிபோச்சி. ஸ்டீபனுக்கு முப்பத்திரெண்டு வயசுதான் ஆவுது. அவனும் இப்ப போட ஆரம்பிச்சிட்டான். வர்ற கத்திரிக்கு முன்னாடி அந்தப் பதினோரு மணிய அவுங்களுக்குத் திருப்பிக் குடுத்துருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சரி என்றேன். பங்குனி மாதக் கூட்டத்தில் எழுந்து பேசினேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கத்திரியில் பதினொன்று முதல் மூன்றரைவரை எந்தக் கடையிலும் சரக்கு ஏற்றி இறக்கக் கூடாது என்று தீர்மானம் வேண்டும் என்றேன். நாம் நிறுத்தினால் வாடிக்கை விருத்தாசலத்துக்குப் போய்விடும் என்றார் ஒருவர். கிடங்கில் ஃபேன் போட்டுக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். ஆட்களே கேட்கவில்லையே, உங்களுக்கு எதுக்கு வலிக்கிறது என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம், நானும் லேசாகச் சிரித்தேன். கடைசியில் செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கத்தின் சார்பில் நீர்மோர்ப் பந்தல் வைப்போம். கை தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. எனக்கு ஆதரவாக ஒரு குரல் வராததைப் பார்த்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

பந்தலைத் திறந்த அன்று பேப்பரில் படம் வந்தது. தர்ப்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, இரண்டு அண்டா மோர். நாம் வரிசையாக நின்று பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தோம். நம் ஆட்கள் தலையில் மூட்டையோடு பந்தலைத் தாண்டிப் போனார்கள். தலையில் மூட்டை இருக்கிறவன் எந்தக் கையால் டம்ளரை வாங்குவான்? ஊற்றிக்கொண்டிருந்த நம் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அது நடந்து கொஞ்ச நாளில்தான் வடக்கு வீதியில் எனக்குப் போன் வந்தது.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் என் கடையில் பதினோரு மணிக்கு எடையை நிறுத்தினேன். ஸ்டீபனைக் கூப்பிட்டு, பின்னால் போய்ப் படு, மூன்றரைக்கு வந்தால் போதும் என்றேன். அவன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே சொன்னான்:

"நீங்க மட்டும் நிறுத்துனா எனக்கு ஓய்வு கெடைக்காது மொதலாளி. பக்கத்துக் கடையில லாரி நிக்குது. நான் போவலன்னா நாளைலேர்ந்து வேற ஆளு."

போனான். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வாசலுக்கு வந்து பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு, லாரிக்காரர் நீட்டிய பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு முதல் மூட்டைக்குக் குனிந்தான். என்ன மாத்திரை என்று நான் போய்க் கேட்கவில்லை.

இறந்தவரிடமிருந்து தனக்கு மிஞ்சியது இன்னது என்று சொல்லி முடிப்பது இதுபோன்ற எழுத்துக்கு வழக்கம். எனக்கு மிஞ்சியது பெல்ட் போடாத இடுப்பு. அறுபத்தொரு வயதில் நான்கு வீதியும் சுற்றி வந்து, கடையைத் திறந்து, பகல் முழுக்க நிற்க முடிகிற கால்கள். செயலாளருக்கு முழங்காலும் ஜவுளிக்கடைக்காரருக்குக் கழுத்தும் மிஞ்சியிருக்கின்றன. அவரவருக்கு மிஞ்சியதை அவரவர் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. கத்திரி முடிய அப்போதும் நாள் பாக்கி இருக்கும். பங்குனியில் கேட்டதையே மறுபடியும் கேட்கப் போகிறேன். அன்றைக்கு மாதிரி உட்கார மாட்டேன். பதினெட்டுக் கடைக்கும் சேர்த்துத் தீர்மானம் ஆகும்வரை எழுந்த இடத்திலேயே நிற்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் எனக்கு இடுப்பு வலிக்காது.